விடுகதை ஆங்கிலத்தில், விடை தண்ணீரில்

ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள்கூட விடுகதை என்றால் வாயைத் திறந்துவிடுவார்கள். விடை சொல்லும் அவசரத்தில் இலக்கணப் பயம் மறந்துபோகும்.

‘ஐ ஆம்’, ‘ஐ கேன்’ என்று தொடங்கும் சின்ன வாக்கியங்களே போதும். கடினமான குறிப்பை முதலிலும் எளிதானதைக் கடைசியிலும் சொல்லுங்கள்: “ஐ ஆம் வெரி பிக். ஐ கேரி ஷிப்ஸ். யூ கான்ட் டிரிங்க் மீ. வாட் ஆம் ஐ?”

கடல் என்று விடை வந்ததும் அடுத்த விடுகதைக்குத் தாவாதீர்கள். பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைத் தனியே எடுத்து வையுங்கள். பாட்டில் தண்ணீரைப் பூமியின் மொத்த நீர் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 97 சதவீதம் உப்புநீர். கரண்டியில் இருப்பதுதான் நன்னீர், அதிலும் பெரும்பகுதி பனிக்கட்டி. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை கேட்கும் கேள்விகளை ஆங்கிலத்திலேயே கேட்க விடுங்கள். தப்பு வந்தால் நடுவில் திருத்த வேண்டாம்.

பிறகு, ஒழுகும் குழாயைப் பற்றி அவர்களே ஒரு விடுகதை கட்டட்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு; கணக்கை அவர்களே போடட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று அந்த விடுகதைகளை வகுப்பில் சொல்ல வைக்கலாம்.