கண்டியில் வேலை தேடும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை, வீட்டிலேயே இருந்தால் அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான், அதனால் புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வந்து வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மேல் லயத்து அண்ணன் ஒருவர் இங்கே ஒரு புடவைக்கடையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாராம். தங்குவதும் சாப்பாடும் கடையிலேயே. சம்பளம் "பார்த்துப் போட்டுத் தருவார்கள்" என்றாராம்.

வா, தங்கச்சி. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நம்பி வராதே.

தெரிந்தவர் மூலம் வேலை தேடுவதில் பிழையில்லை. கண்டியில் கடை வேலை, சாப்பாட்டுக்கடை வேலை எல்லாம் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் நிரம்புகின்றன. அந்த அண்ணன் உனக்கு நல்லதே நினைத்திருப்பார். நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்ததே தெரிந்தவர் ஒருவரின் பின்னால்தான். 1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தம் சொந்த பந்தங்களையும் ஊராரையும் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் பலரை வழியிலேயே பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டத்துக்கு வந்ததும் கடனாக நின்றது. அரிசிக்கும் கம்பளிக்கும் அது மேலும் ஏறியது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. இவ்வளவு தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டைத் "துண்டு" என்றார்கள். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் மட்டும் அந்த ஆளோடு கூடவே நடந்து போகும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இந்தப் பழைய கதையைக் காரணத்தோடுதான் எழுதுகிறேன். நூறு வருடம் கழித்து நம் பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்கு வரும்போது அதே கட்டு வேறு உருவத்தில் நிற்பதை நான் பார்க்கிறேன். படுக்க இடம் கடையின் மேல்மாடி. வந்த வாரமே கைச்செலவுக்கு முதலாளியிடம் முன்பணம். அடையாள அட்டை "பத்திரமாக" மேசை லாச்சியில். நியமனக் கடிதம் கிடையாது. இப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு வேலை பிடிக்காவிட்டாலும், யாராவது தகாத விதமாய் நடந்தாலும், வெளியேற வழியில்லை. வெளியேறினால் அன்றிரவு படுக்க இடமில்லை, கையில் அட்டையில்லை, மேலே கடன் வேறு. ஆகவே எந்த வேலையாக இருந்தாலும் சேருமுன் ஒன்றை யோசி: இந்த இடம் சரியில்லை என்று தெரிந்தால், யாரிடமும் கெஞ்சாமல் இதை விட்டுப் போக என்னால் முடியுமா? முடியும் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைவானாலும் சேரலாம். முடியாது என்றால் எவ்வளவு தந்தாலும் வேண்டாம்.

முதல் மாதச் செலவை வீட்டிலிருந்தே கொண்டு வா. சம்பளம் மாத முடிவில்தான் வரும். அதுவரை போடிங் வாடகை, சாப்பாடு, பஸ் காசு, ஒரு சோடிச் சப்பாத்து எல்லாம் உன் கையிலிருந்துதான் போக வேண்டும். அம்மாவுக்குச் சீட்டு விழும் மாதத்தையோ தோட்டத்துச் சம்பளம் போட்டு முடிந்த வாரத்தையோ பார்த்துப் புறப்படு. முதலாளியிடம் முதல் நாளே கடன்படாத பிள்ளையால்தான் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்க முடியும்.

அடுத்தது பத்திரங்கள். புறப்படுமுன் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உன் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றில் அப்பா பெயர் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும், முதலெழுத்து மாறியும், ஆங்கில எழுத்துக்கூட்டல் பிழைத்தும் இருப்பது சாதாரணம். இன்றைக்கு அது சின்ன விஷயமாகத் தெரியும். ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுக்கப் போகும் நாளில்தான் அதன் பாரம் புரியும். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போய் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடு. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட நற்சான்று எடுத்துக்கொள். எங்கே கேட்டாலும் மூலப்பத்திரத்தைக் காட்டு, போட்டோப் பிரதியைக் கொடு. அடையாள அட்டையை யாரிடமும் விட்டு வைக்காதே.

முகவரி விஷயமும் உண்டு. லயத்து முகவரிக்கு வரும் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், அங்கே யார் கைக்கோ மாறி, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்த கதைகளை நீயும் கேட்டிருப்பாய். விண்ணப்பங்களில் என் வீட்டு முகவரியைப் போடு.

வேலை எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டாய். கம்பளை, பேராதனை வழியாக வந்து கண்டி நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், நடக்கும் தூரத்திலேயே கடைத்தெருக்கள். தலதா வீதி, கொழும்பு வீதி, யட்டிநுவர வீதி, டீ.எஸ். சேனநாயக்க வீதி எங்கும் புடவைக்கடை, சப்பாத்துக்கடை, மருந்துக்கடை, மொத்த வியாபாரம். சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்பாக இங்கே ஆள் எடுப்பார்கள். வாவியைச் சுற்றியும் மலைச்சரிவுகளிலும் ஹோட்டல்கள். ஆடி, ஆவணியில் எசல பெரஹெரா வரும்போது ஊரே நிரம்பும், ஹோட்டல்களுக்குக் கை போதாது. இப்படிக் காலத்துக்கு எடுக்கும் வேலையில் சேர்ந்தால், அந்தக் காலம் முடிந்ததும் என்னை வைத்துக்கொள்வீர்களா என்று சேரும்போதே கேட்டுவிடு. குண்டசாலைக்கு அப்பால் பல்லேகலையில் கைத்தொழில் வலயம் இருக்கிறது. தொழிற்சாலை வேலை உடம்புக்குக் கஷ்டம். மாத முடிவில் எட்ட வேண்டிய இலக்கைச் சொல்லி நெருக்குவார்கள். ஆனாலும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி என்று பார்த்தால் சிறிய கடைகளைவிட அங்கே ஒழுங்கு அதிகம். ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய கடைத்தொகுதிகளில் துப்புரவு, காவல் வேலைகளை இப்போது மேன்பவர் கம்பனிகள் வழியாகத்தான் கொடுக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தால் உன் முதலாளி நீ நிற்கும் கட்டடத்துக்காரர் இல்லை, அந்தக் கம்பனிதான். அதன் பெயர், முகவரி, பதிவு இலக்கம் மூன்றையும் குறித்து வை.

பிரதேச செயலகங்களில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். வேலை தேடுவோரைப் பதிந்து, ஆள் தேடும் இடங்களோடு தொடர்புபடுத்துவது அவருடைய கடமை. காசு கேட்க மாட்டார். வேலை வாங்கித் தருவதற்கு உன்னிடம் யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்து.

இனிச் சட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. தோட்டத்துச் சம்பளம் பற்றி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் கோஷம் போட்டோம், 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது, கொழுந்து குறைந்தால் அரைநாள் பேர்தான் போடுவார்கள் என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடை வேலைக்கு என்ன சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நகரத்துக்கு வந்தவர்கள் தனித்தனியாக வந்தார்கள், சங்கம் இல்லை, பேச ஆளில்லை. அதனால்தான் "பார்த்துப் போட்டுத் தருவார்கள்" என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்கிறோம்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உனக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. பதவி, சம்பளம், வேலைநேரம் இவற்றை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இதற்குக் கீழே ஒருவர் தொகை சொன்னால் அவரோடு பேரம் பேச வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம். சாப்பாடும் இடமும் தருகிறோம் என்பவரிடம், அதற்காகச் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேள்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. உன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 சேர்த்து மத்திய வங்கிக்கு அனுப்ப வேண்டும். 30,000 ரூபாய்ச் சம்பளம் என்றால் உன்னுடையது 2,400, அவருடையது 3,600, மொத்தம் மாதம் 6,000. வருடத்துக்கு 72,000. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும், அது 900 ரூபாய். "இப்போது பிடிக்கவில்லை, ஆறு மாதம் போகட்டும், கைக்கு முழுச்சம்பளம் வருமே" என்று சில முதலாளிமார் நல்லவர் போலச் சொல்வார்கள். பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் மாதம் 4,500 ரூபாய் உனக்கு நட்டம். பயிற்சிக்காலம், தற்காலிகம் என்ற பேச்சு இதில் செல்லாது, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். பெயரைப் பதிந்ததும் தரும் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்கும் அனுப்பிவை. கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் முறையிடலாம். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, அதில் எழுத நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் வேலைத்தளத்தில் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும். அதைத் தெரியாமல் இந்த ஊரில் பிழைப்பது கடினம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்தது உனக்கு எழுத்தைத் தந்திருக்கும், பேச்சு போதாது. இப்போதிருந்தே கடைவீதியில் சிங்களத்தில் பேசிப் பழகு. எண்கள், நாட்கள், நேரம், உறவுமுறை முதலில். "படிய கீயத?" என்றால் சம்பளம் எவ்வளவு. "பத்வீம் லிபியக் தெனவாத?" என்றால் நியமனக் கடிதம் தருவீர்களா. "ஈ.பி.எப். கபனவாத?" என்றால் சேமலாப நிதி பிடிப்பீர்களா. இந்த மூன்றையும் மரியாதையாக, தயங்காமல் கேட்கப் பழகு. கேட்டதற்குக் கோபப்படும் முதலாளி, பிறகு நீ லீவு கேட்டாலும் அப்படித்தான் கோபப்படுவார். இங்கே கூட வேலை செய்யும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உனக்கு உதவுவார்கள். அவர்களில் பலரும் உன்னைப் போலவே தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து போடிங்கில் இருப்பவர்கள்தான்.

போடிங்கை வேலையோடு சேர்த்து எடுக்காதே. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கட்டுகலை பக்கங்களில் பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் வீடுகள் உண்டு. முற்பணம் எத்தனை மாதத்துக்கு, விட்டுப் போகும்போது திருப்பித் தருவார்களா, இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள் என்று கேள். கடைசி பஸ் நேரத்தையும் பார். வேலை எட்டு மணிக்கு முடிந்து கடைசி பஸ் ஏழரைக்கு என்றால் அந்த அறை உனக்கு உதவாது.

இன்னொன்று. முதல் வேலையிலேயே நின்றுவிடாதே. கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பாடநெறிகள் நடத்துகின்றன. ஹோட்டல் வேலை பிடித்தால் இலங்கைச் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் பாடசாலை கண்டியிலேயே இருக்கிறது. எந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது என்று முதலில் விசாரி. சில வருடம் சமையலறையிலோ தையல் மெஷினிலோ நின்றவர்கள், அந்த அனுபவத்தையே மதிப்பிடச் செய்து தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. அதற்கு வேலை செய்த இடத்துச் சேவைச் சான்றிதழ் வேண்டும். ஆகவே எந்த இடத்தை விட்டாலும் சண்டையோடு விடாதே, முறையாக அறிவித்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு விடு.

மேல் லயத்து அண்ணனோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் கடையின் பெயரையும் முதலாளியின் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் கேட்டு எனக்கு எழுது. நான் போய்ப் பார்த்துப் பேசுகிறேன். நியமனக் கடிதம் தருவதாக இருந்தால் நீ அங்கேயே சேரலாம், நல்ல கடையாகவும் இருக்கலாம். இரவில் தங்குவது மட்டும் என் வீட்டில். போடிங் கிடைக்கும்வரை எத்தனை நாளானாலும் இரு.

அன்புடன்,
அக்கா