காமிராவின் பிளாஷ் சூடேறுவது ஏன்?

செட்டிநாட்டுப் பழைய மனைகளைப் படம் எடுக்கச் செல்லும் மாணவர்க்கு நேரும் இடையூறு ஒன்றுண்டு. முகப்பைக் கடந்து, பட்டாலையையும் வளவையும் நோக்கி, உள்ளறைகளின் தேக்கு நிலைகளை ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்து வருங்கால், காமிராவினுள் அமைந்த பிளாஷ் திடீரென ஒளிர மறுத்துவிடுகின்றது. சூடேறிற்று என்னும் குறி திரையில் தோன்றுகின்றது. இடிக்கப்படவிருக்கும் மனையாயின் நமக்கு மறுநாள் என்பது கிடையாது. அவ்வீட்டுத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு வந்த பின்னர் வருந்தி யாது பயன்? ஆதலின் இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் முன்னரே அறிந்து வைத்தல் நலம்.

முதற்கண் பிளாஷின் இயல்பை நோக்குவோம். மின்கலத்தின் அழுத்தம் சில வோல்ட்டே. உட்சுற்று அதனை ஏறக்குறைய 300 வோல்ட்டாக உயர்த்தி, மின்தேக்கி என்னும் உறுப்பில் நிரப்புகின்றது. கண்மாயிற் சிறுகச் சிறுகச் சேர்ந்த நீர் மடை திறந்தவுடன் பாய்வது போல, தேக்கிய மின்சாரம் செனான் வாயு அடைத்த சிறு குழாயினுள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் பாய்ந்து ஒளியாகின்றது. இம்முறையை 1931ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பேராசிரியர் ஹாரல்ட் எட்ஜர்ட்டன் வளர்த்தார். மின்கலமும் இவ்வகை மின்தேக்கியும் மின்வேதியியலைச் சார்ந்தன. அத்துறைக்கென 1948 ஜூலை 25இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரி 14இல் திறக்கப்பெற்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே உள்ளது என்பதை ஈண்டு நினைவு கூர்வோமாக.

இனி வெப்பம் எங்கிருந்து வருகின்றது? தேக்கியின் கொள்ளளவு 100 மைக்ரோபாரட், அழுத்தம் 300 வோல்ட் எனக் கொள்வோம். அழுத்தத்தின் வர்க்கத்தைக் கொள்ளளவாற் பெருக்கிப் பாதியாக்கின் 4.5 ஜூல் கிடைக்கும். இதில் ஒரு பகுதியே ஒளியாய் வெளியேறும். எஞ்சியது குழாயிலும் அதன் கூட்டிலும் வெப்பமாய்த் தங்கும். தேக்கியை மீண்டும் நிரப்புந்தோறும் மின்கலமும் உட்சுற்றும் தம் பங்கிற்குச் சூடேறும். 4.5 ஜூல் சிறிதே. ஆயினும் விரலளவு இடத்தில், கோடை வெயிற் காலத்தில், இடைவிடாது பன்முறை சேருமாயின் அவ்வெப்பம் வெளிச்செல்லப் போதிய அவகாசம் இராது. அப்பொழுது காவற்சுற்று பிளாஷை நிறுத்துகின்றது. ஆகவே இக்குறி பெரும்பாலும் பழுதன்று. பழுது வாராமற் காக்கும் ஏற்பாடே என்க.

செய்யத்தக்கன வருமாறு. முதலாவது, காமிராவை அணைத்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்திற் சிறிது நேரம் வைக்க. குளிர்ப்பெட்டியில் வைத்தல் ஆகாது. ஈரம் உள்ளே படியும். இரண்டாவது, பிளாஷின் முகப்பை விரலோ அழுக்கோ மறைக்கின்றதா எனப் பார்க்க. தடைப்பட்ட ஒளி அங்கேயே வெப்பமாகிவிடும். மூன்றாவது, நன்கு ஆறியபின் ஒரு முறை ஒளிரச் செய்க. ஒளிருமாயின் குறை நம் அவசரத்திலேயே உள்ளது. ஆறிய பின்னும் குறி நீங்காவிடினும், கருகிய வாடை வரினும், மின்கலம் வீங்கியிருப்பினும் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க. நாமே கருவியைத் திறத்தல் கூடவே கூடாது. மின்கலத்தை நீக்கிய பின்னும் தேக்கியில் உயரழுத்தம் நெடுநேரம் தங்கியிருக்கும். அதன் தாக்குதல் கொடிது.

வந்தபின் தீர்த்தலினும் வாராமற் காத்தல் மேலன்றோ? பொருளுக்குப் பாதித் தொலைவு நெருங்கின் ஒளியின் தேவை நாலில் ஒன்றாகும். உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100இலிருந்து 400ஆக உயர்த்தினும் அவ்வாறே. 4.5 ஜூலுக்கு மாறாக ஏறக்குறைய 1.1 ஜூலே போதும்.

இன்னும் சிறந்த வழி ஒன்றுண்டு. செட்டிநாட்டு மனைகள் முற்றத்தைச் சூழ்ந்து எழுந்தவை. வானொளி அங்கு நாள்முழுதும் இறங்குகின்றது. முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய வழுவழுப்பான சுவரோ பிளாஷின் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி, படத்தில் வெண்கறையாக்கிவிடும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, திறப்பு நேரத்தை நீட்டி, முற்றத்து ஒளியிலேயே எடுப்போமாயின் கருவியும் சூடேறாது. அம்மனையும் அதில் வாழ்ந்தோர் கண்டவாறே படத்தில் நிற்கும். ஒளி எட்டாத உள்ளறைகளுக்கு மட்டும் பிளாஷை வைத்துக்கொள்க.