கடைசியாக வருபவரின் வேகம்

பள்ளித் திடலில் 400 மீட்டர் ஓடுதளத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றினால் 5 கிலோமீட்டர். ஓரளவு பயிற்சியுள்ள மாணவர் அதனை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அதே மாணவரைப் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். ஆனால், அதற்குள் பாதை 600 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. சில வளைவுகளைத் தாண்டுவதற்குள் ஓட்டம் நடையாகும். இன்னும் சற்று மேலே, அந்த நடையும் கைகளை முழங்கால்களில் ஊன்றி நடக்கும் நடையாகும்.

மலையிலும் காட்டிலும் இயற்கையாக அமைந்த பாதைகளில் ஓடுவதைக் காட்டுப்பாதை ஓட்டம் என்கிறோம். கொடிமலைக்கு 1923ஆம் ஆண்டு முதல் மலை இரயில் ஓடுகிறது. எனினும், வார இறுதிகளில் பொழுது புலர்வதற்கு முன்பே கால்களை நம்பி வருவோர் குறைந்தபாடில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் ஏறியவர்களுக்கு அந்தப் பக்கத்து ஏற்றம் எப்படிப்பட்டதென்று நன்றாகவே தெரியும். ஜீப் பாதை போடப்பட்ட சாலை. அதிலிருந்து விலகி ஒற்றையடிப் பாதைக்குள் நுழைந்தால் வேர், ஈர இலை, வழுக்குப் பாறை, மழைக்காலமானால் அட்டை என எல்லாம் காத்திருக்கும். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த காடு அது. நொறுக்குத்தீனிப் பையைத் திறந்துகொண்டு போகிறவரைக் குரங்குகள் எளிதில் விட்டுவிடா.

இத்தகைய போட்டி ஒன்றில் முதன்முதலாகப் பங்கேற்க விரும்பும் நண்பர்கள் நால்வரை எண்ணிக்கொள்வோம். அவர்கள் 10 கிலோமீட்டர்ப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போட்டிக்கு இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. போட்டி விவரத்தில் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தையன்று. மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், ஓட்டத்தை முடிக்கக் கொடுத்துள்ள நேரம் எவ்வளவு என்ற இரண்டையும்தான். தட்டையான 10 கிலோமீட்டரும் 500 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டரும் ஒன்றல்ல.

பயிற்சி தொடங்கியதும் அவர்களுக்கு வரும் முதல் தயக்கம், நடப்பதா என்பதுதான். நடந்தால் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில், செங்குத்தான ஏற்றத்தில் அனுபவமிக்க ஓட்டக்காரர்களும் நடக்கவே செய்கின்றனர். அங்கே ஓடுவதால் மிச்சமாகும் நேரம் சொற்பம். வீணாகும் ஆற்றலோ அதிகம். சரியான வேகத்தை அறிய விலை உயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் வரும் நண்பரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் தொடையைச் சோதிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. அதன் வலி அப்போது தெரியாது. ஓரிரு நாள் கழித்துப் பள்ளியின் மாடிப்படிகளில் இறங்கும்போதுதான் தெரியும். அடிகளைக் குறுக்கி, பார்வையைச் சில அடி முன்னால் வைத்து இறங்கப் பழகுவது நல்லது. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

உடற்பயிற்சியைவிடக் கடினமான ஒன்றையும் அவர்கள் பழக வேண்டியிருக்கிறது. நான்கு பேரின் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. வேகமானவர் முன்னே போய்விடுவார், மெதுவானவர் பின்தங்கிவிடுவார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் தனியாக முடிவெடுக்க நேரிடும். அடர்ந்த காட்டில் கைப்பேசித் தொடர்பு எங்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, பல குழுக்கள் ஒரு வழக்கத்தை வைத்திருக்கின்றன: எந்தப் பிரிவிலும் முன்னால் சென்றவர் நிற்க வேண்டும், கடைசி ஆள் வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்த பிறகே எல்லாரும் புறப்பட வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே மற்றவர்கள் கிளம்பிவிடுவதுண்டு. அப்படியானால், ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும்.

மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பது பழமொழி. மலையில் மச்சானுக்கு என்ன வேலை என்று கேட்டுச் சிரிப்பவர்கள், வெப்பத்தால் தளர்ந்த ஒருவரைப் பாதையில் பார்த்திருக்கமாட்டார்கள்.

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை வழிந்தாலும் எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. உடல் வெப்பம் ஏற ஏறத் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் தோன்றும். சிலருக்கு வெயிலிலேயே மயிர்க்கூச்செறியும். அந்த நிலையில், “எனக்கு ஒன்றுமில்லை, போகலாம்” என்பவரே அதிகம். போட்டி நெருங்க நெருங்க இப்படி மறைப்பது கூடும். அவர் சொல்லாததை நண்பர்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும். வழியெல்லாம் கதை பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று வாய் மூடிவிட்டாரா? நேரான இடத்திலும் கால் தடுக்குகிறதா? கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? முதலிரண்டும் பயிற்சியை அத்துடன் நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, தண்ணீரும் உப்புச்சத்துள்ள பானமும் கொடுக்க வேண்டிய அறிகுறிகள். மூன்றாவது உயிருக்கே ஆபத்தான அறிகுறி. உடனே 999க்கு அழைத்து, உதவி வரும்வரை அவர் உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பயிற்சியைப் பாதியில் நிறுத்தித் திரும்புவது எளிதன்று. உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்திருப்பார்கள். திரும்பக் காரணமானவருக்கோ முகம் வாடிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. திரும்பும் நேரத்தையும் காரணங்களையும் மலையடிவாரத்திலேயே பேசி முடிவு செய்துவிடலாம். பத்து மணிக்கு எங்கிருந்தாலும் இறங்க வேண்டும். இடி கேட்டால் இறங்க வேண்டும். நால்வரில் ஒருவர் வேண்டாமென்றால் காரணம் கேட்காமல் இறங்க வேண்டும். முன்பே பேசிவைத்ததை நிறைவேற்றும்போது யார்மீதும் பழி விழாது. எந்தப் பாதையில் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் இதில் அடங்கும்.

போட்டி நாளன்று நால்வரும் அவரவர் வேகத்தில் ஓடலாம். மரங்களில் கட்டிய நாடாக்கள் வழி காட்டும். தண்ணீர் நிலையங்கள் இருக்கும். பைக்குள் விசிலும் தலைவிளக்கும் இருக்கின்றனவா என்று ஏற்பாட்டாளர்கள் சோதிப்பதும் உண்டு. எல்லாருக்கும் பின்னால், கடைசிப் போட்டியாளரை முந்தாமல், தன்னார்வலர் ஒருவரோ இருவரோ நடந்து வருவர். பாதையில் யாரும் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. அவர்கள் அடிவாரத்திற்கு வந்து சேர்ந்த பிறகே பாதை காலியாகிவிட்டதாகக் கணக்கு.