விதைக்கு முன்னால் நாள் நோட்டு



ஆனி பிறந்துவிட்டால் போதும், எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் எங்களிடம் ஒரே கேள்விதான் வரும். "இந்தப் பட்டத்துக்கு என்ன விதை போடலாம்?" ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊர் நம்முடையது, கேட்கத்தான் செய்வீர்கள். பல வருஷமாக நாங்களும் வெண்டை போடுங்க, கொத்தவரை போடுங்க என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் ஒரு கேள்வி கேட்கிறோம். "புரட்டாசியில விடியக்காலம் பறிக்க யார் யார் வருவீங்க?" என்று. சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. நாங்கள் ஏன் இப்படிக் கேட்க ஆரம்பித்தோம் என்பதுதான் இந்த இதழின் பாடம்.

2022-ஆம் வருஷம் வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. குழுவில் 12 பேர். ஊரை ஒட்டி 40 சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் பங்கு. பூச்சிமருந்து தெளிக்காத காயை நம்ம ஊர்ப் பிள்ளைகள் சாப்பிடட்டும், மிச்சத்தை விற்கலாம் என்பது அவர்கள் ஆசை. பயிற்சி கொடுத்தது நாங்கள்தான். 200 லிட்டர் டிரம்மில் 10 கிலோ சாணம், மாட்டுக் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் போட்டு ஜீவாமிர்தம் கரைப்பது முதல் பாத்தி எடுப்பது வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சாமி கும்பிட்டு, 20 சென்டில் வெண்டையை ஒரே நாளில் ஊன்றினார்கள். மீதியில் கொத்தவரையும் கத்தரியும். அன்றைக்கு எடுத்த போட்டோவை எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்தோம்.

வெண்டை ஊன்றிய 45-ஆம் நாள் வாக்கில் பறிப்புக்கு வரும். புரட்டாசி பிறக்கும்போது சரியாக வந்தது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆகணும். ஒரு பறிப்புத் தவறினால் காய் முற்றி நாராகிவிடும். முற்றிய காய் செடியில் நின்றால் அடுத்த பிஞ்சும் குறையும். அதே புரட்டாசியில்தான் அந்தப் பக்கம் ஆனியில் விதைத்த நிலக்கடலையும் பறிப்புக்கு வந்தது. கையில் அன்றன்றைக்குக் கூலி. நூறு நாள் வேலையும் அப்போது கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் அங்கே போனார்கள். அவர்களை யார் குற்றம் சொல்ல முடியும்? அடுப்பு எரியணும், குழுக் கடன் தவணை கட்டணும்.

தோட்டத்துக்கு வந்தது நாலு பேர். ஒரு பறிப்புக்கு 30 கிலோ, 40 கிலோ என்று காய் வந்தது. ஒரு சின்ன ஊர் ஒன்றுவிட்டு ஒரு நாள் அவ்வளவு வெண்டைக்காய் தின்னுமா? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டினார்கள். ஆடியில் விதைத்த எல்லா ஊர்க் காயும் அந்த நேரத்தில்தான் மார்க்கெட்டுக்கு வரும், விலை நிற்காது. பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் கட்டணம், கமிஷன் போகக் கொஞ்சம்தான் மிஞ்சியது.

அது போகட்டும். விலை ஏறும், இறங்கும். குழுவை உடைத்தது விலை இல்லை. ஐப்பசியில் கணக்கு முடித்து, மிஞ்சிய பணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். தீர்மான நோட்டில் "சம பங்கு" என்று இருந்தது. அப்படி எழுதச் சொன்னதும் நாங்கள்தான். விடியக்காலம் வந்து, கையெல்லாம் வெண்டைச் சுனை பட்டு அரித்து, ராத்திரி கரண்ட் வந்தபோது டார்ச் லைட்டோடு போய் மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டிய அக்காவுக்கும் அதே பங்கு. விதை ஊன்றிய அன்றைக்கு மட்டும் வந்தவருக்கும் அதே பங்கு. "சமம்னா இதுதானா?" என்று அந்த அக்கா எங்களைப் பார்த்துக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்.

எங்கே தப்பு நடந்தது என்று பிறகு நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். சேமிப்பில் எல்லாரும் ஒரே தொகை கட்டுகிறோம், அதனால் அங்கே சமபங்கு நியாயம். தோட்டத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது உழைப்பு. அது ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். பணத்துக்கு ரசீது, பாஸ்புக், லெட்ஜர் என்று மூன்று இடத்தில் எழுதுகிற நாம் உழைப்பை ஒரு இடத்திலும் எழுதவில்லை.

இதற்குத் தேவை ஒரு 40 பக்க நோட்டு, அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். இடது பக்கம் உறுப்பினர் பெயர், மேலே கிழமை. காலை மட்டும் வந்தால் அரை நாள், முழுக்க இருந்தால் ஒரு நாள். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சுவதற்கு எவ்வளவு? கீரையை உட்கார்ந்து கட்டுக் கட்டுகிற வயதான அம்மாவுக்கு எவ்வளவு? இதைக் குழுதான் பேசி முடிவு செய்யணும், விதை ஊன்றுவதற்கு முன்னாலேயே பேசணும். எங்களைக் கேட்டால், ராத்திரித் தண்ணீருக்கு ஒரு நாள் போடுவதே சரி. பாம்பு, பூச்சி என்று பயந்துகொண்டு செய்கிற வேலை அது. எழுதுவதைத் தோட்டத்திலேயே அன்றைக்கே எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் ஞாபகப்படுத்தி எழுதினால் சண்டைதான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டால் போதும்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு கணக்கு, உதாரணத்துக்குச் சொல்கிறோம். ஒரு மாத விற்பனை 9,600 ரூபாய் என்று வையுங்கள். விதை, குத்தகை, வண்டிச் செலவு 2,400 ரூபாய். மீதி 7,200. அதில் பத்தில் ஒரு பங்கு 720 ரூபாய் குழுப் பொதுநிதிக்கு. மிச்சம் 6,480. நாள் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் எல்லாரும் சேர்ந்து 54 நாள் உழைத்திருக்கிறீர்கள். 6,480-ஐ 54-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 120 ரூபாய். பத்து நாள் வந்தவருக்கு 1,200, இரண்டு நாள் வந்தவருக்கு 240. வீட்டுக்கு எடுத்துப்போகும் காயையும் எடை போட்டு எழுதி, ஊரில் விற்கிற விலைக்கே கழித்துக்கொள்ளுங்கள். "ரெண்டு கத்திரிக்காய்க்குக் கணக்கா?" என்று கேட்பார்கள். ரெண்டு கத்திரிக்காயில் பிரிந்த குழுக்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த 120 ரூபாய் குறைச்சல்தான். வெளியில் கூலிக்குப் போனால் இதைவிடக் கூடவே கிடைக்கும். அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. 40 சென்ட் நிலம் பன்னிரண்டு குடும்பத்துக்குச் சோறு போடாது. ஆனால் கைக்குழந்தைக்காரி, முழங்கால் வலிக்காரி, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியாரை வைத்திருப்பவர் ஆகியோரால் காலை எட்டு மணிக்கு வேன் ஏறிக் கூலிக்குப் போக முடியாது. வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டு மணி நேரம் செய்து திரும்பக்கூடிய வேலை அவர்களுக்குத்தான் பொருந்தும். யாருக்காகத் தோட்டம் என்பதைக் குழு முதலில் தெளிவாகப் பேசிவிட்டால், கூலிக்குப் போகிறவர் மேல் கோபமும் வராது.

அடுத்தது, எந்தப் பயிர் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்க்கணும். வெண்டையும் கொத்தவரையும் காத்திருக்காது. கீரையும் அப்படித்தான். சிறுகீரை 25 நாளில் பிடுங்கிவிடணும், விட்டால் தண்டு முற்றிப் பூத்துவிடும். தக்காளி, கத்தரி வாரத்துக்கு ஒன்றிரண்டு பறிப்பு. மஞ்சள் பூசணி அப்படி இல்லை, நன்றாகப் பழுத்ததைக் காம்போடு அறுத்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சேனைக்கிழங்கு எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். நிலக்கடலை பறிப்பு மும்முரமாக இருக்கிற ஊரில் காத்திருக்காத பயிர் எட்டுச் சென்ட்டுக்கு மேல் வேண்டாம். மீதியில் காத்திருக்கிற பயிர் போடுங்கள்.

ஒரே நாளில் ஊன்றவும் வேண்டாம். அந்த ஊரில் 2023-ல் மீதிப் பேர் மறுபடி ஆரம்பித்தபோது வெண்டைக்கு 6 சென்ட்தான் ஒதுக்கினார்கள். அதையும் மூன்றாகப் பிரித்து, இருபது நாள் இடைவெளி விட்டு ஊன்றினார்கள். அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், வாரத்தில் என்ன காய் எவ்வளவு வாங்குவீங்க என்று கேட்டு எழுதினார்கள். தக்காளியும் கத்தரியும் கீரையும்தான் ஊர் கேட்டது. வெண்டைக்காய் வாரத்துக்கு அரைக் கிலோ போதும் என்றுதான் அநேகம் வீட்டில் சொன்னார்கள். போன வருஷம் நாங்கள் மார்க்கெட்டை நினைத்துப் போட்டோம், ஊரைக் கேட்கவே இல்லை! இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் மரத்தடியில் விற்பனை. பஸ் செலவு இல்லை, கமிஷன் இல்லை. கடன் சொல்கிறவர்கள் உண்டு, அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வருஷம் முழுக்க வேலை எப்படி ஓடும் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சித்திரையில் திருவிழா, கல்யாணம் என்று யாருக்கும் கை ஒழியாது, கிணற்றிலும் தண்ணீர் இருக்காது. கோடை மழை ஒன்று கிடைத்தால் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுதால் அதுவே உரம். ஆனி, ஆடியில் வேப்பமரத்தடியில் பழம் உதிரும். அப்போது பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் காயவைத்தால்தான் ஐப்பசியில் கைக்கு இருக்கும். பொறுக்கின நாளையும் நோட்டில் எழுதுங்கள், அதுவும் தோட்ட வேலைதான். தோல் நீக்கிய வேப்பம்பருப்பு அரைக் கிலோவை இடித்து, ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கணும். வெயிலில் தெளித்தால் அதன் வேகம் போய்விடும். மழை வருகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டமான காலம். நம் மாநிலத்தின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகும், கீரை சாயும். மேட்டுப்பாத்தியும் வடிகாலும் மழைக்கு முன்னாலேயே எடுத்து வைக்கணும். மண்வெட்டி வேலை என்பதால் இதற்கு மட்டும் கூலிக்கு ஆள் வைத்தாலும் தப்பில்லை. ஆடியில் பந்தலில் ஏற்றிய அவரை கார்த்திகைப் பனி விழ ஆரம்பித்ததும் பூத்துக் குலுங்கும். தைப்பொங்கலுக்கு அவரைக்காயும் பூசணியும் ஊரே தேடும், அந்த ஒரு வாரத்தை மனதில் வைத்துப் போடுங்கள். மாசி, பங்குனியில் கிணற்றுக்குப் பக்கத்தில் பத்துச் சென்ட்டோடு நிறுத்திக்கொண்டு, விதை எடுப்பதைப் பாருங்கள். இலை மஞ்சளாகி நரம்பு வெளுத்த வெண்டைச் செடியில் மட்டும் விதை எடுக்காதீர்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதைச் செடியிலும் வேண்டாம், அடுத்த வருஷம் தாய்ச்செடி மாதிரி வராது.

வெண்டை பறிக்கப் போகும்போது வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள், சுனை கையில் ஏறாது. இது அந்த அக்கா சொல்லிக்கொடுத்தது. அவர் இன்னும் குழுவுக்குத் திரும்பி வரவில்லை. நாங்கள் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினோம். முதல் வருஷம் அவர் வந்த நாட்களை மற்ற மூன்று பேரிடமும் கேட்டு, குழு தன் பொதுநிதியிலிருந்து அவருக்கு ஒரு தொகை கொடுக்க 2023-ல் தீர்மானம் போட்டது. பணத்தை வாங்கிக்கொண்டார். "நோட்டு அப்பவே போட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச: தமிழ் மாதக் காலண்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். கூலி வேலை கிடைக்கிற மாதங்களில் ஒவ்வொருவரும் ஒரு புளியங்கொட்டை வைக்கட்டும். கொட்டை அதிகம் விழுந்த மாதங்களில் தோட்டத்துக்கு வரக்கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்கு எத்தனை சென்ட் பறிக்க முடியும் என்று பேசி, அதற்குப் பிறகு விதைப் பட்டியல் எழுதுங்கள். ராத்திரித் தண்ணீருக்கு எத்தனை நாள் என்பதையும் அன்றைக்கே தீர்மான நோட்டில் ஏற்றி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.