ஐந்தாவது நகர்த்தலில் ஒரு சிப்பாய்



ராபிட் சதுரங்கப் போட்டிக்கு முந்தைய இரவுகளை, எதிராளி பார்த்தே இராத ஒரு புது நகர்த்தலைத் தேடிக் கணினி முன் கழிப்பது உன் வயதுக்காரர்களின் வழக்கம், தம்பி. அதில் பாதி நேரத்தையாவது, ஓபனிங் முடிந்தபின் பலகையில் எஞ்சும் சிப்பாய் அமைப்பைப் படிக்கக் கொடு. கணக்குப் போட்டுப் பார்: 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்றால் 40 நகர்த்தல்களுக்கு 1,900 விநாடி. முதல் 12 நகர்த்தல்களை 2 நிமிடத்தில் முடித்தால் மீதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அங்கேயே 15 நிமிடத்தைக் கரைத்தால் 36 விநாடிதான்.

ஓர் உதாரணம்: 2016 நவம்பர் 30, நியூயார்க். உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியின் 12 ஆட்டங்களும் 6–6 என முடிந்து, சமனை முறிக்க ஆடிய நான்கு ராபிட் ஆட்டங்களில் கடைசி. முன்னிலையில் இருந்த நடப்புச் சாம்பியன் கார்ல்சனுக்கு டிரா போதும். எதிராளி கர்யாகினுக்கு வெற்றி கட்டாயம், கறுப்பில் சிசிலியன் தடுப்பாட்டம் ஆடினார். ஐந்தாவது நகர்த்தலில் பெரும்பாலானோர் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவார்கள். நஜ்டார்ஃப் என்ற சிசிலியன் கிளையின் அடர்ந்த காடு அங்கேதான் தொடங்குகிறது. கார்ல்சன் எஃப்3 என்று சிப்பாயைத் தள்ளினார். இ4-க்குக் காவல் வந்துவிட்டது, குதிரை சி சிப்பாயின் வழியை அடைக்கவும் இல்லை. இரண்டே நகர்த்தலில் சி4. கறுப்புக்கு மூச்சுவிட வேண்டிய டி5 உடைப்பு, அதாவது சிப்பாயை டி5-க்குத் தள்ளுவது, கடினமாகிவிட்டது. ஓபனிங்கில் வெள்ளை பெரிதாக எதையும் சம்பாதிக்கவில்லை, உண்மைதான். ஆனால் இனி யார் எங்கே காயை வைக்க வேண்டும் என்பது கார்ல்சனுக்குத் தெளிவு. வென்றே தீர வேண்டியவருக்கோ சிக்கலை உண்டாக்க இடமில்லை. 50ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி எச்6-இல் தன்னைப் பலி கொடுத்தது: ராஜா வெட்டினால் எச்8-இல் யானையால் மேட், சிப்பாய் வெட்டினால் எஃப்7-இல்.

டிரா போதுமானவனுக்குத்தானே இது பொருந்தும் என்பாய். யாருக்கும் முன்னிலை இல்லாத, அதற்கு முந்தைய ஆட்டத்தைப் பார். இருவருக்கும் பழகிய ஸ்பானிஷ் ஓபனிங். கறுப்பில் ஆடிய கார்ல்சன் 38 நகர்த்தல்களில் வென்றார். புதுமை எதிராளியின் நேரத்தைத் தின்னும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலன் அவர் சரியான பதிலைக் கண்டுபிடிக்கும்வரைதான். அப்புறம் மனப்பாடம் தீர்ந்து, நீயும் அதே அந்நிய நிலையில் நிற்பாய். அதற்காக எஃப்3-ஐ அப்படியே காப்பியடிக்காதே, அதுவும் இன்னொரு மனப்பாடம்தான். அந்த சிசிலியன் ஆட்டத்தின் 12ஆவது நகர்த்தல் நிலையைப் பலகையில் வை. கணினியை மூடு. கறுப்புக்காக டி5 தள்ளும் வழியைத் தேடு. பிறகு பலகையைத் திருப்பி, வெள்ளைக்காக அதைத் தடுத்துப் பார்.