நிதித்துறை நாடும் மாணவர்க்குப் பல்துறைப் பட்டம் ஏற்றதா?

பிளஸ் டூத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களிலுள்ள இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. "வங்கியிலோ கணக்குத் துறையிலோ பணிபுரிய விரும்பும் பிள்ளை பி.காம். தான் படிக்க வேண்டுமா? பல பாடங்களைக் கலந்து பயிலும் புதிய பட்டம் உதவுமா?" என்பதே அது. நெல்லும் கரும்பும் விளைவித்து அவ்வருவாயில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பத்திற்கு ஓராண்டு வீணாவதும் சிறு இழப்பன்று. ஆதலின் இவ்வினாவை இங்கே சற்று ஆராய்வோம்.

பல துறைகளை ஒருங்கே பயிலுதல் நம் மண்ணுக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. அங்குப் பதினான்கு வித்தைகள் பயிற்றப்பட்டன என்பர் வரலாற்றறிஞர். அம்மன்னனின் தாய் சங்கா இராட்டிரகூட குலத்தவள். அதே நூற்றாண்டில், அக்குலத்து அமோகவர்ஷன் ஆட்சியில்தான் மகாவீராசாரியார் 'கணிதசாரசங்கிரகம்' இயற்றினார். வட்டி கணக்கிடும் முறையும் கூட்டு வாணிகத்தில் இலாபம் பங்கிடும் முறையும் அந்நூலில் விளக்கப்பட்டுள்ளன. பல கிளைகளைக் கற்ற பரந்த அறிவு, கணக்கினை நுணுகிக் கற்ற கூர்மை ஆகிய இரண்டும் நிதித்துறைக்கு வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. இக்கட்டுரையின் சாரமும் இதுவே.

இனி, இன்றைய முறையைக் காண்போம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் பட்டத்திற்கான பாட அமைப்பை வெளியிட்டது. புதுவைப் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் 2023-24 முதல் இம்முறைக்கு மாறத் தொடங்கின. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்திற்கு 160 கிரெடிட் தேவை. மூன்றாண்டில் பெறும் 120இல் முதன்மைப் பாடத்திற்குக் குறைந்தது 60, துணைப்பாடத்திற்கு 24, பல்துறைப் பாடங்களுக்கு 9, திறன் வளர்ப்புப் பாடங்களுக்கு 9 என ஒதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவை மொழி, நற்பண்புக் கல்வி, களப்பயிற்சி முதலியவற்றிற்கு உரியன.

இக்கணக்கை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். 'பல்துறை' என்னும் பெயருடைய 9 கிரெடிட் கொண்டு எவரும் கணக்கியல் வல்லுநர் ஆகிவிட இயலாது. துணைப்பாடத்தின் 24 கிரெடிட்டே உண்மையான வாய்ப்பு. வரலாற்றை முதன்மையாகக் கொண்ட மாணவி பொருளியலையோ கணக்கியலையோ துணைப்பாடமாகக் கொள்ளின், அவர் கல்விக்கு ஒரு முதுகெலும்பு அமையும். பி.காம். மாணவர் புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொள்ளின் அவருக்கும் வலிமை கூடும். இதைவிடுத்துப் பருவந்தோறும் எளிதெனத் தோன்றும் பாடத்தையே பொறுக்குவோர்க்குப் பட்டம் கிட்டும். தொழில் கிட்டுதல் அரிது.

நிதித்துறையின் வாயில்கள் சிலவற்றையும் எண்ணிப் பார்ப்போம். பொதுத்துறை வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். அதிகாரித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். வயது 20 முதல் 30 வரை. எண்ணியல் திறன், பகுத்தறியும் திறன், ஆங்கிலம், பொருளாதாரம், வங்கியியல் ஆகியவை சோதிக்கப்படும். இவ்வாயிலில் பட்டத்தின் பெயர் தடையன்று.

ஆடிட்டர் என நாம் அழைக்கும் பட்டயக் கணக்காளர் படிப்பில் நிலைமை வேறு. ஃபவுண்டேஷன் தேர்வின்றி நேரடியாகச் சேர, வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு பெறவேண்டும். அத்துடன் கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், பொருளியல், வரிவிதிப்பு போன்றவற்றுள் 100 மதிப்பெண் கொண்ட மூன்று தாள்களையேனும் படித்திருத்தல் வேண்டும். பிற பட்டதாரிக்கு 60 விழுக்காடு தேவை. வணிகவியல் சாராத பல்துறைப் பட்டத்தில் 57 விழுக்காடு பெற்றவர் இவ்வாயிலில் தடுக்கப்படுவார் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். ஆயின், பிளஸ் டூ முடித்தவுடனேயே ஃபவுண்டேஷன் தேர்வெழுதித் தேறியவர்க்கு இவ்விடர் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களில் இடர்களைக் கணிக்கும் ஆக்சுவரி பணிக்கோ கணிதமும் புள்ளியியலும் ஆழமாக வேண்டும். மேலோட்டமான கல்வி அங்குச் செல்லாது.

"பெரிய பதவி வகித்தோர் வேறு பாடம் படித்தவரன்றோ?" எனச் சிலர் வினவுவர். மெய்தான். 2018 முதல் 2024 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸ் வரலாற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 2013 முதல் 2016 வரை அப்பதவியில் இருந்த ரகுராம் ராஜன் முதலில் மின்பொறியியல் பயின்றவர். ஆயினும் முன்னவர் ஆட்சிப் பணியில் சேர்ந்து நிதி அமைச்சகத்தில் பல்லாண்டு பயிற்சி பெற்றார். பின்னவர் மேலாண்மை பயின்று, நிதியியலில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். முதற்பட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. அதனோடு அவர்கள் நிற்கவும் இல்லை.

எனவே, சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடுமுன் கல்லூரியில் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் நலம்.

1. முதன்மைப் பாடம் எது? துணைப்பாடமாகக் கணக்கியல், பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றுள் ஒன்று உண்டா?

2. அத்துணைப்பாடத்தை நடத்த ஆசிரியர் உளரா, அன்றி ஏட்டளவில் மட்டும் உள்ளதா?

3. மதிப்பெண் பட்டியலில் பட்டத்தின் பெயரும் தாள்களின் பெயரும் எவ்வாறு அச்சிடப்படும்?

மூன்றாம் வினாவைப் பலர் கேட்பதில்லை. தாளின் பெயர் தெளிவாக இருப்பின் பின்னர்ச் சேர்க்கையின்போது எழும் வழக்கு குறையும்.

பெருங்கல்லூரிகளின் புகழையோ விளம்பரத்தையோ கண்டு மயங்க வேண்டுவதில்லை. இல்லத்திலிருந்தே பேருந்தில் சென்று வரத்தக்க கல்லூரியிலும், பாடங்களை அறிந்து தேர்ந்தால் நல்ல அடித்தளம் அமையும். மகன் மகள் என்ற வேற்றுமையின்றிப் பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பாடப்பட்டியலை ஒருமுறை முழுவதும் படியுங்கள். அதற்குச் செலவாவது ஒரு மாலைப்பொழுதே. அதனால் காக்கப்படுவது பிள்ளையின் மூன்றாண்டுகள்.