ஓர் உப்பின் வரலாறு

பித்தெழுச்சி ஒரு கொடிய மனநோய். அதற்கு ஆளானோர் உறக்கம் துறந்து, ஓயாது பேசி, கைப்பொருளை வாரி இறைப்பர். சில காலம் சென்றபின் நோய் தானே தணிவதும் உண்டு. பின்னர் மீண்டும் வந்து பற்றும். இவ்வாறு வந்துபோகும் நோய்க்கு மருந்து காண்பது எளிதன்று. நோயாளி தெளிந்தது மருந்தினாலா, நோயின் இயல்பினாலா என்று எங்ஙனம் துணிவது?

ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரிலுள்ள சாங்கியில் போர்க்கைதியாக மூன்றரை ஆண்டுகள் வாடியவர். போருக்குப்பின் மெல்போர்ன் நகரின் பண்டூரா மனநல மருத்துவமனையில் பணியேற்றார். ஆய்வுக்கூடம் ஏது? பயன்படாது கிடந்த சமையலறை ஒன்றே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. கினிப்பன்றி என்னும் சிறு விலங்குகளுக்கு இலித்திய உப்பை ஊசிவழிச் செலுத்தியபோது, துள்ளித் திரியும் அவை மல்லாத்தினாலும் அமைதியாகக் கிடந்தன. உப்பை முதலில் தாமே உட்கொண்டு பார்த்தபின், 1948இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். முதல் நோயாளி ஐந்தாண்டுகள் இடையறாது பித்தெழுச்சியில் உழன்றவர். சில திங்களில் வீடு திரும்பி, தம் பழைய வேலையிலும் அமர்ந்தார். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. இதனையும் மறையாது, பத்து நோயாளிகளின் நிலையை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேட் வெளியிட்டார்.

ஆயினும் இலித்தியம் அளவு மிஞ்சினால் நஞ்சு. அதே 1949இல் அமெரிக்காவில், கறியுப்புக்கு மாற்றாக அதனை உண்டோர் சிலர் இறந்தனர். கேட் மருந்து கொடுத்த அந்த முதல் நோயாளியும் 1950இல் அந்நஞ்சினாலேயே மாண்டார். மருந்தை மருத்துவர் பலர் அஞ்சி ஒதுக்கினர்.

டென்மார்க்கு நாட்டு மோகன்ஸ் ஷோ கேட்டின் கட்டுரையை ஒதுக்கிவிடவில்லை. தாமே ஆய்ந்து, 1954இல் முடிவை வெளியிட்டார். பின்னர், இலித்தியத்தை இடைவிடாது உட்கொண்டால் நோய் மீளாது தடுக்கலாம் என்று அவரும் பாஸ்ட்ரப் என்பாரும் 1967இல் எழுதினர். இங்கிலாந்தின் பிளாக்வெல், ஷெப்பர்டு இருவரும் இதனை ஏற்கவில்லை. இது மற்றுமொரு கட்டுக்கதையோ என்று 1968இல் 'லான்செட்' இதழில் வினவினர். ஒப்பீடின்றி எழுந்த முடிவு என்பதே அவர்களது தடை. வினா கடியது, எனினும் நேரியது.

ஷோவுக்கு இது வெறும் ஏட்டு வாதமன்று. அவருடைய தம்பியார் மனச்சோர்வினால் மீண்டும் மீண்டும் வருந்தி, இலித்தியத்தால் நலம்பெற்றவர். நலமாயிருப்போரிடமிருந்து மருந்தைப் பறிப்பது தகுமா என்று அவர் தயங்கியதில் வியப்பில்லை. இறுதியில் ஆய்வு நடந்தது. இலித்தியம் உட்கொண்டுவந்த 84 பெண்களுள் 45 பேருக்கு அதே மருந்தும், 39 பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார். அவரைப் பார்க்கும் மருத்துவரும் அறியார். ஐந்து திங்களுக்குள் போலி மாத்திரை உண்டோருள் 21 பேருக்கு நோய் திரும்பியது. மருந்துண்டோருள் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஐயத்தை வெளியிட்ட அதே 'லான்செட்' இதழே 1970இல் இம்முடிவையும் வெளியிட்டது. அவ்வாண்டே அமெரிக்க அரசு பித்தெழுச்சிக்கு இலித்தியத்தை மருந்தாக ஏற்றது.

இன்றும் இம்மருந்தை உட்கொள்வோரின் குருதியில் அதன் அளவை அவ்வப்போது சோதித்தறிந்தே மருத்துவர் மேலும் தருகின்றனர்.